நாறுகிற கப்பல் முழுகாது

நாற்றத்தைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள், பார்டோ ஐயா. நல்லது, உட்காருங்கள். சன்னலைச் சாத்தச் சொல்லியிருக்கிறேன், இருந்தாலும் உள்ளே வரும். முதலில் கொஞ்ச நேரம் குமட்டும். அப்புறம் மூக்கே சமாதானமாகிவிடும். கண் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கும், காது சந்தேகப்படும், மூக்கு மட்டும் முதல் மூச்சிலேயே தீர்ப்பு எழுதிவிட்டுத் தூங்கப் போய்விடும். நான் சொல்லப் போவது முழுக்க இதைப் பற்றித்தான்.

என் கொல்லையில் இருக்கும் பீப்பாய்களுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை. மாட்டு ரத்தம், பெர்மண்ட்ஸியில் தோல் பதனிடும் தொட்டிகளின் வண்டல், செத்த சிப்பி, தேம்ஸ் நதிச் சேறு, சர்க்கரைப் பாகின் கசடு. எதற்கு என்பதையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே வரியில் சொன்னால் வேறு மாதிரி தோன்றும். ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னால் அதிலுள்ள நியாயம் உங்களுக்கே பிடிபடும். நீங்கள் இந்த வருஷம்தான் வாப்பிங் வட்டாரத்துக்குக் கான்ஸ்டபிள், மற்ற வருஷமெல்லாம் பூட்ஸ் தைக்கிறவர். அது எனக்குச் சௌகரியம். தையல் தெரிந்தவருக்குக் கப்பலை விளக்குவது சுலபம்.

என் தொழிலுக்குக் கப்பலின் கணவன் என்று பெயர். சிரிக்காதீர்கள், பத்திரத்திலேயே அப்படித்தான் எழுதுவார்கள். ஒரு கப்பலில் பலபேர் பங்கு வைத்திருப்பார்கள். ஒருவர் கண்ணாடி வியாபாரி, ஒருவர் சாராயம் காய்ச்சுகிறவர், ஒருத்தி பாதிரியாரின் விதவை. கப்பலுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் சார்பில் ஒருவன் கப்பலை, எங்கள் வழக்கில் அவளை, கட்ட வேண்டும், ஆள் அமர்த்த வேண்டும், பழுது பார்க்க வேண்டும், கிழக்கே சரக்கு அனுப்பும் நகரத்துக் கனவான்களிடம் வாடகை பேச வேண்டும். அந்த ஒருவன்தான் கணவன். ஹம்ஃப்ரி டாட்லோ கப்பல்களைப் பார்த்துக்கொள்கிற மாதிரி வீட்டுக்காரியைப் பார்த்துக்கொள்வதில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. உண்மைதான். என் மனைவி ஆக்னஸுக்கு அவ்வளவு பராமரிப்பு தேவைப்படவில்லை.

என் கப்பல்களில் மூத்தவள் கான்ஸ்டன்ஸ். பிளாக்வால் கப்பல்கட்டும் துறையில் பிறந்தவள். ஸஸெக்ஸ் ஓக் மரம், வளைந்து வளர்ந்த கிளைகளாகத் தேடித் தேடி எடுத்தது. நேர் மரத்தை வெட்டி வளைவாக்கினால் நார் அறுந்துவிடும். மரமே வளைந்து வளர்ந்திருந்தால் அந்த வளைவுக்குள் நார் ஓடும், உடையாது. அவளுடைய விலாக் கட்டை ஒவ்வொன்றையும் நான் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். அவளை ஆற்றில் இறக்கிய அன்று பேண்டு வாத்தியமும் பீரும் இருந்தன. கப்பலுக்குத் தன் பெயரை வைக்கவில்லை என்று ஆக்னஸ் அதற்கப்புறம் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நிம்மதியான மாதம்.

இப்போது பூட்ஸுக்கு வருகிறேன். பூட்ஸின் தோல் கிழிந்து தண்ணீர் உள்ளே வருவது அபூர்வம் இல்லையா. தையலில்தான் வரும். கப்பலும் அப்படித்தான். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கிற இடுக்கில், தார் தோய்த்த பழங்கயிற்று நாரை உளியால் அடித்து அடித்து இறுக்குவார்கள். அதன்மேல் கொதிக்கும் கீலை ஊற்றி மூடுவார்கள். கப்பல் சும்மா நிற்கும்வரை அந்தத் தையல் நிற்கும். நடக்கும்போதுதான் பூட்ஸ் மடங்குகிறது. அலைமேல் ஏறும்போதுதான் கப்பல் மடங்குகிறது. மடங்க மடங்க நார் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே துப்பப்படும். எல்லாக் கப்பலும் ஒழுகும், ஐயா. ஒழுகாத கப்பல் கட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது.

அவளுடைய முதல் பயணம் மதராஸுக்கும் வங்காளத்துக்கும். போகும்போது கம்பளித் துணியும் ஈயமும். வரும்போது வெடியுப்பும், உங்கள் மனைவி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு உடுத்துகிற மெல்லிய துணியும். ஒரு கீறல் இல்லாமல் திரும்பினாள். இரண்டாவது பயணம் சீனாவின் கான்டனுக்கு. அங்கே சரக்கு அடுக்குகிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும். பீங்கான் பெட்டிகளை அடியில் தளம்போலப் பரப்புவார்கள். ஈரம் பட்டால் பீங்கானுக்கு ஒன்றும் ஆகாது, எடையும் கப்பலை நிமிர்த்தி வைக்கும். அதன்மேல் தேயிலை. உங்கள் வீட்டில் தேயிலை கோப்பைக்குள்ளே இருக்கிறது. கப்பலில் கோப்பை தேயிலைக்கு அடியிலே இருந்து அதைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறது. யார் முதலில் இதை யோசித்தானோ, அவனை எனக்குப் பிடிக்கும்.

மூன்றாவது பயணத்தில் ஹூக்ளி நதியின் வாயில் மணல்மேட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கடலேற்றம் வடிந்தபோது நடுவயிறு மேட்டிலும், முன்னும் பின்னும் அந்தரத்திலும் நின்றதாம். முதுகு வளைந்துபோயிற்று. நான்காவது பயணத்தில் சீனக்கடலில் ஒரு சூறாவளி. அதற்கு முன்னமே அவள் அடிப்பாகம் முழுக்கச் செம்புத் தகடு அடித்திருந்தேன், புழு அரிக்காமலிருக்க. ஆனால் கட்டைகளைச் சேர்க்கிற ஆணிகள் இரும்பு. கடல்நீரில் செம்பும் இரும்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரும்பு கரைந்துபோகிறது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துகொள்ள ஆசைதான். செம்புத் தகடு பளபளவென்று அப்படியே இருக்கும், அடியில் ஆணி இருந்த இடத்தில் துருக்குழம்பு இருக்கும். மேல்தோல் மட்டும் மெருகு போட்ட பூட்ஸ்.

நான்கு பயணம்தான் ஒரு கப்பலின் ஆயுள் என்று நகரத்துக் கனவான்களின் கணக்கு. ஐந்தாவது போக வேண்டுமானால் சோதனைக்காரர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும்.

அந்த நான்காவது பயணம் முடிந்து வந்ததும் ஜேபஸ் க்ரோல் என்னிடம் வந்தான். கான்ஸ்டன்ஸின் தச்சன். இரண்டாவது பயணத்திலிருந்து அவளோடு இருக்கிறவன். கப்பல் தச்சனின் முக்கியமான வேலை மரவேலை இல்லை. கசிந்த தண்ணீர் தேங்குகிற பம்புக் குழிக்குள் ஒரு இரும்புக் கம்பியை இறக்கி, எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்த்து அதிகாரியிடம் சொல்வதுதான். வைத்தியன் நாடி பார்க்கிற மாதிரி. தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"முதலாளி, அது கப்பல் இல்லீங்க, சல்லடை. வர்ற வழி பூரா ராவும் பகலும் பம்பு அடிச்சோம். ஒருத்தன் கையில தோல் மிச்சம் இல்ல."

"வந்து சேந்துட்டீங்கல்ல, ஜேபஸ்."

"வந்து சேந்தோம். சாமி புண்ணியம். இன்னொரு தடவை சாமிக்கு வேற சோலி இருந்துச்சுன்னா?"

எனக்கு அவனைப் பிடிக்கும். கெட்டிக்காரன், வாயும் உண்டு. அவன் சொன்னது அத்தனையும் சரி என்று எனக்குத் தெரியும். அவளை உடைக்க வேண்டியதுதான், அவள் இடத்தில் புதுக் கப்பல் வர வேண்டியதுதான், பிளாக்வாலில் அதற்கு அடிக்கட்டையும் போட்டாயிற்று என்றேன். அவன் முகம் மலர்ந்தது. அவன் மனைவி டாம்சின் அப்போது முழுகாமல் இருந்தாள். புதுக் கப்பல் கட்டுகிற இடத்திலேயே வேலை கொடுத்தால் பிரசவத்துக்குக் கூட இருக்கலாம் என்று கேட்டான். பார்க்கலாம் என்றேன்.

இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். எங்கள் தொழிலில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. ஒரு கப்பல் தேய்ந்துபோனால் அவள் இடத்தில் இன்னொருத்தியை நிறுத்தும் உரிமை அவள் கணவனுக்குத்தான். சர்ச்சில் உங்கள் குடும்பத்துப் பெஞ்சு மாதிரி. பெயர் எழுதியிருக்காது, ஆனால் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்வரை அப்படி. ஒரு பருவம் காலியாக விட்டுப் பாருங்கள், கசாப்புக்காரன் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருப்பான்.

புதுக் கப்பலை அந்தப் பருவத்துக்குள் முடித்துவிடலாம் என்று கட்டுகிறவர்கள் சொன்னார்கள். நான்தான் முடியாது என்றேன். அப்போது போர்க்காலம். நல்ல ஓக் எல்லாம் போர்க்கப்பலுக்குப் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது அப்போதுதான் வெட்டிய பச்சை மரம். பச்சை மரத்துக்கு உடனே பலகை மூடினால் உள்ளே ஈரம் அடைபட்டு, வெளியே தெரியாமல் காளான் பூத்து, சில வருஷத்தில் கட்டை ரொட்டி மாதிரி உதிரும். விலாக் கட்டைகளை நிறுத்திவைத்து, எலும்புக்கூடாகவே ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் காற்றாட விட வேண்டும். அதுதான் முறை. அவசரப்பட்டுப் பச்சை மரத்தில் கப்பல் கட்டி ஆட்களை ஏற்றி அனுப்புவது கொலைக்குச் சமம். அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன் என்று பங்குதாரர்களிடம் தெளிவாகச் சொன்னேன். பாதிரியாரின் விதவை கண்கலங்கிவிட்டாள்.

ஆகையால் இடம் காலியாகாமலிருக்கக் கான்ஸ்டன்ஸ் இன்னொருமுறை போக வேண்டியதாயிற்று. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

சோதனைக்காரர் மிஸ்டர் கிறிஸ்பின் ஹேவர். இந்த ஆற்றில் பொடி போடாத ஒரே கனவான் அவர்தான். மூக்கைக் காப்பாற்றுவதற்காக. வெங்காயம் சாப்பிட மாட்டார், பீர் குடிக்க மாட்டார், வீட்டில் கணப்புக்குக் கரி போட விடமாட்டார், விறகுதான். செம்புத் தகட்டை உரித்து ஆணியைப் பார்க்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அதற்குக் கப்பலைத் தண்ணீர் வடித்த உலர்துறையில் ஏற்ற வேண்டும், ஆட்கள் வேண்டும், காலம் வேண்டும். ஹேவரின் மூக்கு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று நகரத்துக் கனவான்கள் நினைத்தார்கள்.

மூக்குக்கு என்ன வேலை என்றால், மாலுமிகளிடம் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. நாறுகிற கப்பல் முழுகாது என்பார்கள். மூடநம்பிக்கை இல்லை, சரியான விஷயம். எந்தக் கப்பலின் அடிவயிற்றிலும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும். கப்பல் இறுக்கமாக இருந்தால் வெளித்தண்ணீர் உள்ளே வராது. தேங்கினது மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து, எலியும் அழுக்கும் சேர்ந்து, கறுத்து, அழுகிய முட்டையாக நாறும். ஒழுகுகிற கப்பலில் புதுக் கடல்நீர் வந்துகொண்டே இருக்கும், பம்பு அடித்துக்கொண்டே இருப்பார்கள். வயிறு கழுவிக் கழுவிச் சுத்தமாகிவிடும். நாற்றமே இருக்காது. குழிக்குள் குனிந்து பார்த்தால் கடற்கரைக் காற்று மாதிரி ஜிலுஜிலுவென்று இருக்கும். அந்த வாசனை வந்தால் ஓடிவிட வேண்டும்.

ஹேவர் இதைக் கலையாகவே வளர்த்திருந்தார். ஒரு வெள்ளிக் கரண்டியைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் தொங்கவிடுவார். கெட்ட காற்றில் வெள்ளி கறுக்கும். கரண்டி கறுத்தால் கப்பல் இறுக்கம். கரண்டி பளபளத்தால் கப்பலை உடைக்க வேண்டியதுதான். அந்தக் கரண்டியை வெல்வெட் பெட்டியில் வைத்து வேலைக்காரன் பின்னால் சுமந்துகொண்டு வருவான்.

கான்ஸ்டன்ஸின் குழிக்குள் நான் குனிந்து பார்த்தேன். அப்படி ஒரு இனிமையான வாசனை. பதினெட்டு வயதுப் பெண் மாதிரி.

மற்றதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஊகிக்க முடியாதது அதிலுள்ள வேலை. முதலில் வெறும் மாட்டு ரத்தத்தைக் குழிக்குள் ஊற்றிப் பார்த்தேன். கசாப்புக்கடை வாசனைதான் வந்தது. கடலுக்குப் போன மூக்கு அதற்கு ஏமாறாது. தோல் தொட்டி வண்டலைச் சேர்த்தேன், ஆழம் வந்தது, ஆனால் புளிப்புத் தட்டியது. சிப்பியை உடைத்து அழுகவிட்டுப் போட்டேன், அந்த முட்டை நெடி வந்தது. சர்க்கரைப் பாகு போட்டால் நுரைத்துப் பொங்கி எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணைக்கிறது. ஆற்றுச் சேறு கடைசியில், வயது தெரிவதற்காக. ஆக்னஸின் கரண்டி ஒன்றைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கரிக்கட்டையாகிவிட்டது. அவள் இன்னும் அதைத் தேடுகிறாள்.

ஒழுகலை நிறுத்துவதற்கும் ஒரு வழி உண்டு. பெட்டியில் மரத்தூளை நிரப்பி, கப்பலின் அடியில் கொண்டுபோய் உதறினால், உள்ளே போகிற தண்ணீரே தூளை இழுத்துக்கொண்டுபோய் இடுக்கில் அடைத்துவிடும். ஆற்றில் சும்மா நிற்கிறவரை தாங்கும். முதல் பெரிய அலையில் போய்விடும். கிழிந்த தையலில் மெழுகைத் தேய்த்து விற்கிறவர்கள் உங்கள் தொழிலிலும் இருப்பார்கள், உங்களைச் சொல்லவில்லை.

சோதனை அன்று ஹேவர் வந்தார். கப்பலின் தச்சன்தான் குழியின் மூடியைத் திறக்க வேண்டும் என்பது வழக்கம். ஜேபஸ் திறந்தான். திறந்ததும் அவன் முகத்தைப் பார்த்தேன். பாவம், தன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வேறு யாரோ குடியிருப்பதைப் பார்த்தவன் மாதிரி இருந்தான்.

ஹேவர் குனிந்தார். உடனே நிமிர்ந்து, கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, பரவசமாகச் சொன்னார்: "அடேயப்பா, டாட்லோ, என்னா நாத்தம்யா இது. இருபது வருஷத்துல இப்படி ஒரு நாத்தத்த நான் மோந்ததில்ல. பீப்பா மாதிரி இறுக்கமா வெச்சிருக்கீங்களே."

கரண்டியை இறக்கி ஏற்றினார்கள். கறுப்பு. அவருடைய பூட்ஸிலிருந்த வெள்ளிக் கொக்கி கூட மங்கிவிட்டது. அதைக் காலைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

அப்போது ஜேபஸ் பேசினான். "ஐயா, இது கப்பலோட நாத்தம் இல்லீங்க. யாரோ கொண்டாந்த நாத்தம். வர்ற வழியெல்லாம் இந்தக் குழியில தெளிஞ்ச தண்ணிதான் வந்துச்சு. நான் கம்பி போட்டுப் பாத்தவன்."

நான் வாய் திறக்கத் தேவையில்லை என்று தெரியும்.

"தச்சரே," என்றார் ஹேவர், "வீட்டுல விசேஷம்னு கேள்விப்பட்டேன்."

"ஆமாங்க, ஆனா அதுக்கும் இதுக்கும்..."

"விசேஷம் உள்ள வீட்டுக்காரன் கண்ணுக்கு எல்லாக் கப்பலும் ஒழுகத்தான்யா செய்யும்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "என் மூக்குக்குக் கல்யாணமும் ஆகல, பிள்ளைகுட்டியும் இல்ல. அது பொய் சொல்லாது."

உண்மை அங்கே உரக்கச் சொல்லப்பட்டது, பார்டோ ஐயா. அதை நீங்கள் மறக்கக் கூடாது. நான் யார் வாயையும் அடைக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் ஒருவன் உள்ளதை உள்ளபடி சொன்னான், அவர்கள் ஒரு கரண்டியை நம்பினார்கள்.

மறுநாள் ஜேபஸ் இங்கே வந்தான். இந்த முறை தொப்பியைக் கழற்றவில்லை.

"நான் போகப்போறதில்ல முதலாளி. ஜெயில்ல போட்டாலும் சரி. ஊரெல்லாம் சொல்லப்போறேன்."

"சொல்லு. நேத்தே சொல்லிப் பாத்தியே."

நான் அவனை மிரட்டவில்லை. பீர் ஊற்றிக் கொடுத்து, பொறுமையாகத்தான் பேசினேன். "நீ சொல்றது சரின்னே வெச்சுக்குவோம், ஜேபஸ். அவ போறது நிச்சயமாயிருச்சு. நீ வரலன்னா உன் இடத்துல இன்னொரு தச்சன் போவான். அவனுக்கு எந்தப் பலகை எங்க வாய் தொறக்கும்னு தெரியுமா? உனக்குத் தெரியும். அந்தப் பசங்க எல்லாரும் உன் கூடப் பம்பு அடிச்ச பசங்க. யோசிச்சுப் பாரு."

அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"நான் போனா, டாம்சினையும் புள்ளையையும் நீங்க பாத்துக்குவீங்களா?"

"என் வீட்டு ஆள் மாதிரி," என்றேன்.

பீரைத் தொடாமல் எழுந்து போனான். கான்ஸ்டன்ஸ் கிளம்பும்போது அவன் மேல்தளத்தில் நிற்கவில்லை, கீழே இருந்தான். நாரும் கீலும் வழக்கத்தைவிட இருமடங்கு ஏற்றிக்கொண்டான் என்று சொன்னார்கள். நான் மறுப்புச் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் நான் தாராளமாகத்தான் இருந்தேன்.

அவள் கான்டன் வரைக்கும் போய்ச் சேர்ந்தாள் என்பதை யாரும் பேசுவதில்லை. பாதி உலகம் தாண்டியிருக்கிறாள், அந்த முதுகோடு. அது என் கணிப்புக்கும் ஜேபஸின் கைக்கும் பெருமை. திரும்பும்போது பீங்கானும் தேயிலையும் முழுச் சுமை. நன்னம்பிக்கை முனைக்கு அந்தப் பக்கம், காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக மோதுகிற இடத்தில், கூட வந்த இன்னொரு கப்பலின் கேப்டன் அவளைக் கடைசியாகப் பார்த்தார். பீரங்கிகளைக் கடலில் தள்ளிக்கொண்டிருந்தார்களாம். இரண்டு பக்கமும் பம்புத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்ததாம். அலை பெரிதாக இருந்ததால் படகு இறக்க முடியவில்லை. விடிந்தபோது கடல் மட்டும் இருந்தது. ஒரு தேயிலைப் பெட்டி மிதந்ததை எடுத்தார்களாம். ஆள் யாரும் இல்லை. நூற்றுச் சொச்சம் பேர்.

அந்தக் கேப்டனிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். பம்பிலிருந்து கொட்டிய தண்ணீர் எந்த நிறம். தெளிவாக இருந்தது, குடித்துவிடலாம் போல இருந்தது என்றார். அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் ஊற்றியதெல்லாம் முதல் வாரத்திலேயே கழுவிப் போயிருக்கும். கடைசியில் அவள் நல்ல வாசனையோடுதான் போயிருக்கிறாள்.

தெரிந்தே அனுப்பினீர்களா என்று கேட்கிறீர்கள். தெரிந்தேதான். தெரியாமல் அனுப்பியிருந்தால் நான் என்ன கணவன்.

ஹேவர் என்ன சொன்னார் தெரியுமா. "நல்லா நாறின கப்பல். எவனோ ஓட்டத் தெரியாதவன் முழுகடிச்சுட்டான்." இறந்துபோன கேப்டனைத்தான் சொன்னார். அவர் மூக்கின் மதிப்புக் குறையவில்லை. புதுக் கப்பலும் குளிர்காலமும் கோடையும் காற்றாடி, முறையாகக் காய்ந்து, போன வருஷம் பலகை மூடி ஆற்றில் இறங்கினாள். இரண்டாவது கான்ஸ்டன்ஸ். பச்சைமரம் ஒரு துண்டு கிடையாது. போய்ப் பாருங்கள், என்ன உறுதி. என் இடமும் காலியாகவில்லை.

பீப்பாய்கள் இன்னும் ஏன் இருக்கின்றன என்பதுதானே மிச்சம். விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. எல்லாம் ஒழுகும் என்று சொன்னேன் அல்லவா. இந்த ஆற்றங்கரையில் மற்ற கணவன்மார்களுக்கும் வயதான கப்பல்கள் இருக்கின்றன, அவர்களுக்கும் புதுக் கப்பல்கள் காய்ந்துகொண்டிருக்கின்றன. ஒருவர் வந்து, "டாட்லோ, எனக்கும் ரெண்டு பீப்பா," என்றார். மனிதனுக்கு மனிதன் உதவாமல் எப்படி. இந்த வாரம் மூன்று கப்பலுக்குச் சேர்த்துச் செய்திருப்பதால்தான் நாற்றம் தெருவரைக்கும் வந்துவிட்டது. புதன்கிழமை சோதனை. அதற்கு முந்தின நாளே வண்டி வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். அக்கம்பக்கத்தாரிடம் அப்படியே சொல்லுங்கள், வியாழக்கிழமை இந்தத் தெரு ரோஜாத்தோட்டம்.

வேலையை நான் ஒருவனாகச் செய்வதில்லை. கொல்லையில் ஒரு பெண் நீளத் துடுப்பால் கிளறிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவள்தான் டாம்சின், ஜேபஸின் மனைவி. செய்தி வந்த பிறகு இடுப்பில் குழந்தையோடு என்னைத் தேடி வந்தாள்.

"உங்ககிட்ட கேக்கச் சொல்லிட்டுப் போனாருங்க. நீங்க பாத்துக்குவீங்கன்னு."

"சொன்னேன்மா. சொன்ன சொல் மாற மாட்டேன். என்ன வேலை தெரியும் உனக்கு?"

"என்ன வேலைன்னாலும் செய்வேங்க. பிரசவக் காய்ச்சல்ல மூக்கு மட்டும் செத்துப் போச்சு. ஒரு வாசமும் தெரியாது."

இதை விதி என்பதா, கடவுள் என்பதா. இந்த வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் ஒரு நாள் தாங்காமல் ஓடியிருந்தார்கள். அன்றே சேர்த்துக்கொண்டேன். எதற்கு இது என்று ஒருமுறை கேட்டாள், கெண்ட் தோட்டக்காரர்களுக்கு உரம் என்றேன். "எந்தப் பயிரா இருந்தாலும் செழிச்சு வளரும்ங்க," என்று சொல்லிவிட்டு, தானாகவே இன்னொரு சட்டிச் சிப்பியைச் சேர்த்தாள். பதம் அவள் கைக்கு வந்துவிட்டது. என்னைவிட நன்றாகச் செய்கிறாள்.

எழுந்துவிட்டீர்களே. ஒன்றும் எழுதாமல் போனால் அக்கம்பக்கத்தார் உங்களைச் சும்மா விடமாட்டார்கள் என்பது எனக்குப் புரிகிறது. வழக்கு ஒன்று போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் டாம்சின் பெயரில் போட்டுக்கொள்ளுங்கள். துடுப்பு அவள் கையில்தான் இருந்தது, தெருவே பார்த்திருக்கிறது. அவளும் மறுக்க மாட்டாள், நன்றி தெரிந்த பெண். அபராதம் எவ்வளவானாலும் நான் கட்டிவிடுகிறேன். பார்த்துக்கொள்வேன் என்று அவள் புருஷனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.